ரசிகர் புனைவில் பெண் பாத்திரங்கள் படும் பாடு: நெல்லைச் சீமையிலிருந்து ஒரு பயன்பாட்டு அனுபவம்

கதையில் ஒரு பெண்ணைக் கெடுக்க அவளைத் திட்ட வேண்டியதில்லை. அவள் கையிலிருக்கும் வேலையைப் பிடுங்கிவிட்டால் போதும். பொன்னியின் செல்வன் பாத்திரங்களை வைத்து ரசிகர்களே எழுதும் ரசிகர் கதைகளைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபட்டுவிடும். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த நாவல், அரசுடைமை ஆனது, 2022-லும் 2023-லும் திரைக்கு வந்தது. ரசிகர் கதைக்கு இதைவிடத் தோதான மூலம் தமிழில் இல்லை. பெண்களும் அதில் குறைவில்லை.

வானதியை எடுத்துக்கொள்ளுங்கள். மூலத்தில் அடிக்கடி மயங்கி விழுபவள்தான். அதே வானதிதான் சோழ சிங்காதனத்தில் ஏறவே மாட்டேன் என்று சபதமும் போடுகிறாள். அருள்மொழிக்கும் பூங்குழலிக்கும் முடிச்சுப் போடும் கதைகளில் மயக்கம் மட்டும் மிஞ்சுகிறது, சபதத்தைக் காணோம். மணிமேகலை பாடு இன்னும் மோசம். வந்தியத்தேவனைக் காப்பாற்றக் கொலைப்பழியைத் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டவள், குந்தவை ஜோடிக் கதைகளில் ஒன்சைடு லவ் காமெடியாகிவிடுகிறாள். ஆதித்த கரிகாலனும் வந்தியத்தேவனும் ஜோடி சேரும் கதைகளில் குந்தவைக்குத் தரகர் உத்தியோகம்: வருவாள், இரண்டு வசனம் பேசி இருவரையும் சேர்த்து வைப்பாள், போய்விடுவாள். பெரிய ராஜதந்திரிக்கு இதுதான் வேலையா என்று கேட்கத் தோன்றும்.

கெட்டிக்காரியாக எழுதினால் வேறு வசவு காத்திருக்கிறது. 1973-ல் பாலா ஸ்மித் என்பவர் ஸ்டார் ட்ரெக் ரசிகர் கதைகளைக் கிண்டல் செய்து எழுதிய குட்டிக் கதையின் நாயகிதான் மேரி சூ. பதினைந்து வயசில் எல்லாம் தெரிந்தவள், எல்லாருக்கும் பிடித்தவள். கிண்டல் நியாயமானது. ஆனால் பிற்பாடு அந்தப் பெயர், வாளெடுத்த பெண், கணக்குத் தெரிந்த பெண் என்று எவள் வந்தாலும் ஒட்டும் முத்திரையாகிவிட்டது. ஒற்றைக் கையால் பத்துப் பேரை வீழ்த்தும் வந்தியத்தேவனை யாரும் அப்படிக் கேட்பதில்லை.

தளங்களுக்கு வருவோம். ரசிகர் கதைகளைச் சேர்த்து வைக்கும் இணையதளமான ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன், சுருக்கமாக ஏஓ3, 2009-ல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. விளம்பரம் கிடையாது, இதைப் படி என்று எதையும் நம் முன்னால் தள்ளுவதும் கிடையாது. அதனால் தேடத் தெரிந்தவருக்கே நல்ல கதை சிக்கும். பாத்திரப் பெயரை மட்டும் வைத்து வடிகட்டினால் ஏமாற்றம்தான். ஒரு வரியில் தலைகாட்டினாலும் பெயரைக் குறிச்சொல்லில் போட்டுவிடுகிறார்கள். உறவுக் குறிச்சொல்லைப் பாருங்கள். இரண்டு பெயருக்கு நடுவே சாய்கோடு இருந்தால் காதல், ‘அண்ட்’ குறி (&) இருந்தால் நட்போ பகையோ சொந்தமோ. குந்தவைக்கும் நந்தினிக்கும் நடுவே அண்ட் குறி போட்ட கதைகளில் தேறுவது அதிகம், ஏனென்றால் எழுதுபவர் அந்த இருவரையும் நேருக்கு நேர் உட்கார வைத்தாக வேண்டும். ‘பேஷிங்’ என்று முடியும் குறிச்சொற்களை விலக்குப் பட்டியலில் போடுங்கள், ஒரு பாத்திரத்தை வேண்டுமென்றே மட்டம் தட்டுவதை எழுதுபவரே ஒப்புக்கொள்ளும் குறி அது. குடோஸ், அதாவது லைக் மாதிரியான பாராட்டுக் குறி, அதன் எண்ணிக்கையை ரொம்ப நம்பாதீர்கள். ஒரு கணக்கிலிருந்து ஒரு கதைக்கு ஒரு குடோஸ்தான் விழும், நாற்பது அத்தியாயக் கதையும் இரண்டு பக்கக் கதையும் அங்கே ஒன்று. பிரபலமான ஜோடி எப்போதும் மேலே நிற்கும். புக்மார்க் வரிசை அதைவிடப் பரவாயில்லை. மொழியில் தமிழைத் தேர்ந்தால் மிஞ்சுவது கொஞ்சம்தான், மீதி ஆங்கிலத்தில் கிடக்கிறது.

தமிழில் பெருகி ஓடுவது வாட்பேட், பிரதிலிபி போன்ற தொடர்கதைத் தளங்களில். அங்கே கோளாறு அத்தியாயம் அத்தியாயமாகப் போடுவதில் தொடங்குகிறது. வாட்பேடில் ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்திலேயே கருத்து எழுதலாம். இரண்டாவது பெண் உள்ளே வந்ததும் ‘இவ எதுக்கு இடையில’ என்று வரிசையாக விழும். எழுதுபவர் அடுத்த வாரத்தை இன்னும் எழுதியிருக்க மாட்டார். பயந்துபோய் அவளை வில்லியாக்குவார், இல்லாவிட்டால் வெளிநாடு அனுப்புவார். இதற்கு ஒரே மருந்து, அவள் வருகிற பகுதியை முழுசாக எழுதி முடித்துவிட்டுப் போடத் தொடங்குவது. ஐந்தாறு அத்தியாயம் கையிருப்பு இருந்தால் கருத்துப் பெட்டி கதையை இழுக்காது.

இனி நம்மூர் விஷயம். பாத்திரங்களை இன்றைய நெல்லைக்குக் கூட்டி வரும் கதைகளில் அல்வா, நெல்லையப்பர் தேர், குற்றாலம் சீசன் மூன்றும் தவறாமல் வரும். நாயகி என்ன வேலை பார்க்கிறாள் என்பது மட்டும் வராது. எல்லார் வாயிலும் ‘ஏலே’ போட்டுவிட்டால் நெல்லைத் தமிழ் என்று நினைப்பு. தோழியைத் தோழி ‘ஏட்டி’ என்றோ ‘ஏளா’ என்றோதான் கூப்பிடுவாள். வானதி இங்கே வாக்கப்பட்டு வந்தால் புருஷனின் அக்கா குந்தவை அவளுக்கு மைனி.

பூங்குழலியைத் தாமிரபரணியில் ஓடம் விட வைப்பவர்கள் உண்டு. கடலில் படகு விடுகிற அவளுக்கு ஏற்ற இடம் கடலோர ஊரான உவரி. ஆனால் அங்கே பொதுவாக வள்ளத்தில் கடலுக்குப் போவது ஆண்கள், கரையில் மீன் விற்பதும் கருவாடு போடுவதும் பெண்கள். அவள் தனியாகத் துடுப்புப் போட்டால் கரையில் யார் என்ன சொல்வார்கள், அப்பா வள்ளத்தைக் கொடுப்பாரா, ஏலத்தில் அவள் மீனுக்கு விலை குறைப்பார்களா என்பதுதான் கதை. இதைத் தாண்டிக் குதித்து நேரே காதலுக்குப் போனால் அவள் வெறும் அழகான படகுக்காரி.

முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்ணை நாயகியாக்கினால் கவனம் வேண்டும். மடியில் சொளவு (முறம்), நனைத்த இலை, அளவுத் தகடு, கத்தரி, தூள், நூல். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு, செக்கிங்கில் கழித்தது போகத்தான் காசு. எனவே பேச்சு நடக்கும்போது கை நிற்காது. காதலன் வந்து அரை மணி நேரம் பேசினால் அன்றைக்குக் கட்டு குறையும். கை நின்றது என்று ஒரு வரி எழுதினால், எத்தனை பெரிய சங்கதியைக் கேட்டாள் என்று வாசிப்பவருக்குத் தானாகத் தெரியும். கண்கள் குளமாயின என்று எழுதவே வேண்டாம்.

மாதிரி வேண்டுமென்றால் வெளியே போக வேண்டாம், நம்ம நெல்லைக்காரர் புதுமைப்பித்தன் இருக்கிறார். 1943-ல் வந்த சாப விமோசனம் ராமாயணத்தின் மேல் எழுதிய மறுபுனைவுதான். சீதை அகலிகையைப் பார்க்க வருகிறாள். ராமன் தீக்குளிக்கச் சொன்னதைச் சொல்கிறாள். இரண்டு பெண்கள் பேசிக்கொள்ளும் அந்தக் காட்சிதான் கதையைத் திருப்புகிறது. ராமனும் சீதையும் கிளம்பும்போது அகலிகை வெளியே வரவில்லை, கடைசியில் மறுபடி கல்லாகிறாள். ரசிகர் கதையை எடைபோட இதுவே எங்கள் தராசு: ஆண் இல்லாத ஒரு காட்சியாவது உண்டா, அதில் அவள் எடுக்கும் முடிவால் அடுத்த அத்தியாயம் மாறுகிறதா. முதல் மூன்று அத்தியாயத்துக்குள் இரண்டுக்கும் பதில் கிடைக்காத கதையைத் தள்ளிவிடலாம்.

கட்டாயத் தாலி, அறைகிற ஆன்டி ஹீரோ வகையறா தனி. அதைப் படிக்கவே கூடாது என்பதில்லை, தெரிந்து படிக்க வேண்டும். ஏஓ3-ல் வன்முறை, வல்லுறவு, முக்கியப் பாத்திரச் சாவு, வயது வராதவர் பாலுறவு ஆகிய நான்குக்கும் நிலையான எச்சரிக்கைக் குறிகள் உண்டு. எச்சரிக்கை போட விரும்பவில்லை என்று தேர்ந்திருந்தால் ஒன்றுமில்லை என்று அர்த்தமாகாது, எதுவும் இருக்கலாம். தொடர்கதைத் தளங்களில் பெரும்பாலும் ‘காதல்’, ‘குடும்பம்’ என்ற வகைப் பெயரோடு சரி. அங்கே எழுதுபவர்கள் முதல் அத்தியாயத்தின் தலையிலேயே இரண்டு வரி போட்டுவிடலாம். கருத்துகளை நீங்கள் பார்த்து விட்ட பிறகே வெளியே தெரியும்படி ஏஓ3-ல் அமைக்கலாம், கணக்கு இல்லாதவர்கள் எழுத முடியாதபடியும் செய்யலாம். மூலத்தில் வில்லியான நந்தினியை நாயகியாக்கி எழுதப் போகிறீர்கள் என்றால் இரண்டையும் முதல் நாளே போட்டுவிடுங்கள்.