எமர்சன், லேக் & பாமர்: ஒற்றை எல்பியா, நாலு சிடி பெட்டியா?

எமர்சன், லேக், பாமர் மூவரின் பிரிட்டிஷ் ராக் குழுவில் கீத் எமர்சன் வாசித்த கீபோர்டை முதன்முதலாகக் கேட்கப்போகிறவர்களுக்கு, குழு பிரிந்த பிறகு 1980இல் ஒற்றை எல்பி இசைத்தட்டாக வந்த ‘பெஸ்ட் ஆஃப்’ தொகுப்பு போதும். ‘லக்கி மேன்’ ஒன்றுக்காகவே வாங்கலாம். கிரெக் லேக்கின் கிட்டார் பாட்டு சாதுவாகப் போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் எமர்சனின் மூக் சிந்தசைசர் என்ற மின்னணு கீபோர்டு அடியிலிருந்து உறுமி எழுந்து மொத்தப் பாட்டையும் விழுங்கிவிடும். ஆனால் ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடும் ‘ஃபேன்ஃபேர்’ என்ற வாத்திய இசை இதில் ஏறக்குறைய மூன்றே நிமிடம். அநியாயம்!

1993இன் ‘த ரிட்டர்ன் ஆஃப் த மான்டிகோர்’ நாலு சிடி. மூவரும் முன்பு தனித்தனியே இருந்த த நைஸ், கிங் கிரிம்சன், ஆர்தர் பிரவுன் குழுக்களின் பாடல்களைப் புதிதாக வாசித்துச் சேர்த்திருக்கிறார்கள். சுவாரசியம்தான், மூலத்தை மிஞ்சவில்லை. ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியின் ‘பிக்சர்ஸ்’ இசையை இவர்கள் ஸ்டுடியோவில் வாசித்துப் பதிவுசெய்தது இங்கேதான். 1971இல் வந்தது மேடைப் பதிவு. என் ஓட்டு பெட்டிக்கே.