கோபோ டூல்பொக்ஸ்: அகதிப் பிள்ளையளோட வேலை செய்யிற சின்ன அமைப்புகளுக்குச் சரிவருமோ?

கொழும்பில அகதிப் பிள்ளையளுக்கெண்டு வேலை செய்யிற சின்ன அமைப்புகளில இருக்கிற ஆக்கள் கனபேர் என்னட்டக் கேக்கிறது, போனில ஃபோம் நிரப்பித் தகவல் சேக்கிற கோபோ காணுமோ இல்லாட்டி காசு கட்டி வேற சிஸ்டம் ஒண்டு எடுக்கோணுமோ எண்டுதான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வட்ஸ்அப்பில வொய்ஸ் போடுறதை விட இதில விபரமா எழுதிவிட்டா எல்லாருக்கும் உதவும். நான் எம் அண்ட் ஈ (திட்டங்களைக் கண்காணிச்சு மதிப்பிடுற) வேலையில இருக்கிறன், ஒபிஸ் வெள்ளவத்தைப் பக்கம், பிள்ளையள் கனபேர் இருக்கிறது நீர்கொழும்புப் பக்கம், ரெண்டுக்கும் இடையில ஓடித்திரிஞ்சு பாவிச்சதை வச்சுத்தான் சொல்லுறன்.

முதல்லயே என்ர முடிவைச் சொல்லிடுறன். பிளானை ஒழுங்காப் போட்டிட்டு வாற ஆக்களுக்கு இதை விட நல்ல சாமான் சும்மா கிடைக்காது. பிளான் இல்லாம "டேட்டாவை எடுப்பம், பிறகு பாப்பம்" எண்டு வாறவைக்கு இதைக் குடுக்க எனக்குப் பயம், ஏனெண்டா இதில கேள்வி சேக்கிறது அவ்வளவு சுகம், சேத்துச் சேத்து கடைசியில ஒரு தாயை முக்கால் மணித்தியாலம் இருத்தி வச்சுக் கேள்வி கேக்கிற நிலைமைக்குக் கொண்டு வந்து விட்டிடுவினம்.

தெரியாத ஆக்களுக்குச் சுருக்கமா: கோபோ எண்டது ஹார்வர்டின்ர மனிதாபிமானப் பிரிவில துவங்கின வேலை, இப்ப தனியா லாப நோக்கமில்லாத அமைப்பா நடக்குது. கொம்பியூட்டரில ஃபோமை உருவாக்கி விட்டா, போனில கோபோ கலெக்ட் எண்ட அன்ட்ரொய்ட் அப்பில அது இறங்கும், பீல்டில நிண்டு நிரப்பி அனுப்பலாம். ஐபோன் வச்சிருக்கிற ஆக்கள் பிரவுசரில லிங்கைத் திறந்து நிரப்பலாம். சின்ன அமைப்புகளுக்கு இலவசம், மாசத்துக்கு இத்தனை பதிவு எண்டு ஒரு எல்லை இருக்கு, எங்கள மாதிரி அளவில வேலை செய்யிறவைக்கு அது தாராளம்.

இலங்கையில இந்த வேலை ஏன் வித்தியாசம் எண்டதையும் சொல்லோணும். நாடு 1951ஆம் ஆண்டு அகதிகள் சாசனத்தில கையெழுத்து வைக்கேல்லை. பாகிஸ்தானில இருந்து வந்த அஹ்மதியா எண்ட சிறுபான்மைச் சமயப் பிரிவுக் குடும்பங்கள், கிறிஸ்தவக் குடும்பங்கள், ஆப்கானிஸ்தான் ஆக்கள் எண்டு வேற நாட்டில குடியேற்றம் கிடைக்கும் வரைக்கும் இங்க காத்திருக்கினம், சட்டப்படி வேலை செய்ய ஏலாது. ஆனா சிறுவர் உரிமைகள் சாசனத்தை இலங்கை 1991இல ஏற்றுக்கொண்டிட்டுது, அதின்ர 22ஆவது உறுப்புரை அகதிப் பிள்ளையளுக்குப் பாதுகாப்பும் உதவியும் குடுக்கோணும் எண்டு நேரடியாச் சொல்லுது. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகு நீர்கொழும்பில இருந்த இந்தக் குடும்பங்களை வாடகை வீடுகளில இருந்து எழுப்பிவிட, அவை பள்ளிவாசலிலயும் பொலிஸ் ஸ்டேசனிலயும் பிள்ளையளோட படுத்தவை. அந்தமாதிரி ஆக்களைப் பற்றித்தான் நாங்கள் ஃபோமில எழுதிறம், அதை ஒருக்காலும் மறக்கக்கூடாது.

இனி விசயத்துக்கு வாறன். ஃபோம் போட முதல் நாங்கள் ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில "இந்தப் பதில் வந்தா ஆர் என்ன செய்யப்போறியள்" எண்டு எழுதுவம். பதில் எழுத ஏலாத கேள்வியை வெட்டிப்போடுவம். லொக்ஃபிரேமில (திட்டத்தின்ர இலக்கு அட்டவணையில) இருக்கிற இண்டிகேட்டர் எண்டாலும் சரி, டோனர் (காசு தாற அமைப்பு) கேட்டது எண்டாலும் சரி, ஒரு பிள்ளையின்ர வாழ்க்கையில எந்த முடிவையும் மாத்தாத கேள்வி ஃபோமில இருக்கத் தேவையில்லை. இதைச் செய்து முடிச்சிட்டு கோபோவைத் திறந்தா அரைநாளில ஃபோம் ரெடி, செய்யாமத் திறந்தா ஒரு கிழமை இழுபடும்.

எங்கட பின்னேர வகுப்பு வரவு ஃபோமில "பிள்ளை வராததுக்குக் காரணம்" எண்டு ஒரு கேள்வி. வருத்தம், மழை, பஸ் காசு, வீடு மாறினது, மற்றது எண்டு தெரிவுகள். "மற்றது" எண்டதைத் தட்டினா மட்டும் ஒரு பெட்டி திறக்கும், அதில எழுதோணும், இப்பிடி நிபந்தனை போடுறது கோபோவில ரெண்டு கிளிக் வேலை. கிழமைக் கடைசியில எடுத்துப் பாத்தா "மற்றது" தான் ஆகக் கூட. பெட்டிக்குள்ள என்னெண்டு பாத்தா "தம்பியைப் பாக்கோணும்", "அம்மா கிளினிக் போட்டா, தங்கச்சி தனிய", இப்பிடித்தான் ஒண்டுக்குப் பின்னால ஒண்டு, எல்லாம் பத்து வயசுக்கு மேற்பட்ட பொம்பிளைப் பிள்ளையள். ப்ரொபோசலில நாங்கள் வரவு குறைஞ்சதுக்குப் போட்டிருந்த தீர்வு ஸ்கூல் பாக்கும் கொப்பியும் குடுக்கிறது! பிறகு அந்தக் காசில கொஞ்சத்தை மாத்தி, வகுப்புக்குப் பக்கத்து அறையில பாய் விரிச்சு, விளையாட்டுச் சாமான் போட்டு, அதே சமூகத்து அம்மா ஒராளைப் பயணச் செலவு குடுத்து இருத்தினம். அக்காமார் தம்பி தங்கச்சியைக் கையில பிடிச்சுக்கொண்டு வரத் துவங்கிட்டினம். கண்காணிப்பு எண்டா எனக்கு இதுதான், வருசக் கடைசி ரிப்போட்டில "82 வீதம்" எண்டு எழுதிறது இரண்டாம் பட்சம்.

மொழி விசயத்தில கோபோவுக்கு முழு மார்க்ஸ். ஒரே ஃபோமில தமிழ், சிங்களம், உருது, ஆங்கிலம் நாலும் போடலாம், கேக்கிற ஆள் போனில தனக்கு வேண்டின மொழியை மாத்திக்கொள்ளும், எந்த மொழியில கேட்டாலும் பதிலெல்லாம் ஒரே குறியீட்டில வந்து விழும். உருதைப் பொறுத்தவரைக்கும் ஒரு எச்சரிக்கை, மொழிபெயர்ப்பைக் கூகிளிட்ட விடாதேங்கோ. அந்தச் சமூகத்து ஆள் ஒராளோட இருந்து ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டு வாசிச்சுப் பாக்கோணும். "பிள்ளை மனவழுத்தத்தில இருக்கா" எண்டு கேட்டா எந்தத் தாயும் இல்லையெண்டுதான் சொல்லுவா, "ராவில எழும்பி அழுகிறதா, முந்தி மாதிரி விளையாடுதா" எண்டு கேட்டாத்தான் கதை வரும்.

பெரிய ஃபோம் எண்டா வெப்சைட்டில ஒண்டொண்டா இழுத்துப் போடாம எக்செலில எழுதி ஏத்துறது நல்லம், எக்ஸ்எல்எஸ் ஃபோம் எண்டு சொல்லுவினம். மூண்டு ஷீட் தான், கேள்விகள், தெரிவுகள், செட்டிங்ஸ். கட்டுப்பாடு போடுறதுக்கு ஒரு கொலம் இருக்கு, பிள்ளையின்ர வயசு 17க்கு மேல போனா எடுக்காதே எண்டு எழுதிவிட்டா கடுதாசி ஃபோமில வாற "71 வயசுப் பிள்ளை" பிரச்சினை அதோட முடிஞ்சுது. ஆறு மாசத்துக்கும் ஐஞ்சு வயசுக்கும் இடைப்பட்ட பிள்ளையளுக்கு மேல்கையின்ர நடுச் சுற்றளவு அளக்கிற ஆக்கள் இதைக் கட்டாயம் பாவியுங்கோ: 115 மில்லிமீட்டருக்குக் கீழ எண்டா கடுமையான போசாக்கின்மை, 115க்கும் 125க்கும் இடையில எண்டா நடுத்தரம், இலக்கத்தை அடிச்ச உடனயே "இண்டைக்கே கிளினிக்குக்கு அனுப்பு" எண்டு திரையில வாற மாதிரிச் செய்யலாம். ரிப்போட் வரும்வரைக்கும் அந்தப் பிள்ளை காத்திருக்கத் தேவையில்லை.

சிக்னல் இல்லாத இடத்தில வேலை செய்யிறது பற்றிப் பெரிசாச் சொல்ல ஒண்டுமில்லை, நல்லாச் செய்யும். நிரப்பினது போனில இருக்கும், வைஃபை கிடைக்கேக்க அனுப்பலாம். ஃபோமில ஏதும் மாத்தினா திரும்ப டிப்ளோய் பண்ணி (வெளியிட்டு), எல்லாற்ற போனிலயும் புது வேர்ஷன் இறங்கிட்டுதோ எண்டு பாக்கோணும். அதோட, கேள்வியின்ர வசனத்தை மாத்தலாம், ஆனா உள்ளுக்க இருக்கிற கேள்விப் பெயரை நடுவில மாத்தாதேங்கோ, டேட்டா ரெண்டு கொலமாப் பிரிஞ்சு போயிடும்.

டேட்டாவை எடுக்கேக்க சிஎஸ்வியா (வெறும் எழுத்து ஃபைலா) இறக்கி நேர எக்செலில திறந்தா தமிழ் எழுத்தெல்லாம் கோழி கிளறின மாதிரி வரலாம், எக்செல் ஃபைலாவே இறக்குங்கோ, வடிவா வரும். கோபோவுக்குள்ளயே இருக்கிற கிராஃப் சாதாரணம்தான், கிழமைக் கூட்டத்தில காட்டக் காணும், டோனர் ரிப்போட்டுக்குக் காணாது.

இனி நான் ஆகக் கவலைப்படுற பகுதி. இந்த அப்பில ஜிபிஎஸ், ஃபோட்டோ, வொய்ஸ் எல்லாம் எடுக்கலாம். எடுக்கலாம் எண்டதுக்காக எடுக்காதேங்கோ. 2017 செப்டெம்பரில கல்கிசையில ஐநா பாதுகாப்பில ரோஹிங்கியா அகதிகள் 31 பேர் இருந்த வீட்டை ஒரு கூட்டம் வந்து சுத்தி வளைச்சது, அதில 16 பேர் பிள்ளையள், பிறகு அவையைக் காலிப் பக்கம் இருக்கிற பூசா தடுப்பு முகாமுக்குக் கொண்டு போய்த்தான் பாதுகாக்க வேண்டி வந்தது. அகதிக் குடும்பம் எந்த வீட்டில இருக்கெண்ட தகவல் தப்பின கைக்குப் போனா என்ன நடக்கும் எண்டதுக்கு கொழும்பிலயே சாட்சி இருக்கு. கிராம சேவகர் பிரிவு அளவில இடம் எழுதினாக் காணும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பிள்ளையள் பற்றின தரவை, சமய நம்பிக்கையை எல்லாம் விசேட வகைக்குள்ளதான் வச்சிருக்கு.

ஒரு டோனர் எங்களிட்ட பிள்ளையளின்ர பெயர், சமயம், முகம் தெரியிற படம் மூண்டையும் ஒரே ஷீட்டில அனுப்பச் சொன்னவை, "வெரிஃபிகேஷனுக்கு" எண்டு. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. சமயத்தாலதான் அந்தக் குடும்பங்கள் ஊரை விட்டு ஓடி வந்தது. எழுத்தில மறுத்து, பெயருக்குப் பதிலா இலக்கம் போட்ட பட்டியலும், வந்து நேர பாக்கலாம் எண்ட அழைப்பும் அனுப்பினம், கடைசியில ஏற்றுக்கொண்டவை. மறுக்கலாம், மறுத்தா ஃபண்ட் போயிடும் எண்டு எல்லாரும் பயப்பிடுறியள், அதால இதைக் கட்டாயம் எழுதோணும் எண்டு நினைச்சன்.

எங்கட ஃபோமில முதல் திரை சம்மதம். தாய் தகப்பனிட்டக் கேக்கிறதோட பிள்ளையிட்டயும் கேக்கோணும், ரெண்டில ஒண்டு "இல்லை" எண்டா ஃபோம் அதிலயே முடிஞ்சிடும், மிச்சக் கேள்வி திறக்காது. உதவி அதால நிக்காது எண்டதையும் அந்தத் திரையிலயே எழுதி வச்சிருக்கிறம், வாசிச்சுக் காட்டச் சொல்லி.

ஒரே பிள்ளையை மாசம் மாசம் தொடர்ந்து பாக்கிறதுக்கு கோபோ இயல்பாப் பொருந்தாது, ஒவ்வொரு பதிவும் தனித்தனியாத்தான் நிக்கும். ரெண்டு ஃபோமை இணைக்கிற வசதி இருக்கு, முதல் ஃபோமில பதிஞ்ச இலக்கத்தை மற்றதில தேடி எடுக்கலாம், வரவு, வாசிப்பு நிலை மாதிரி விசயத்துக்கு அது போதும். ஆனா அடி வாங்கின பிள்ளை, தனிய வந்த பிள்ளை, துஷ்பிரயோகம் எண்டு வாற கேஸ் விபரத்தை இதுக்குள்ள போடவே கூடாது. அதுக்கெண்டு யுனிசெஃப் ஆதரவோட ப்ரிமேரோ எண்ட தளத்தில சிபிஐஎம்எஸ் பிளஸ் எண்ட சிறுவர் பாதுகாப்புக் கேஸ் சிஸ்டம் இருக்கு, கேஸ் வேர்க்கர் தன்ர கேஸை மட்டும்தான் பாப்பா, ஆருக்கு என்ன தெரியோணும் எண்டது உள்ளுக்கயே கட்டுப்பாடு. கோபோவிலயும் ஆர் எதைப் பாக்கலாம் எண்டு பிரிச்சுக் குடுக்கலாம், ஆனா சின்ன ஒபிஸ்களில ஒரு பாஸ்வேர்டை எல்லாரும் பாவிக்கிறதுதான் நான் காணுற உண்மை நிலைமை, அதால இப்பிடிக் கண்டிப்பாச் சொல்லுறன். பிள்ளை வாயால ஏதும் சொல்லிட்டா போனைக் கீழ வச்சிட்டு, பொறுப்பான ஆளுக்கு அறிவிக்கிற வழியைத்தான் டீமுக்குப் பழக்கோணும்.

நாங்களும் பட்டியலில பெயரா இருந்த சனம்தான். 1983க்குப் பிறகு தமிழ்நாட்டு மண்டபம் முகாமில இறங்கின ஆக்கள், 2009இல வவுனியா மெனிக் பாம் முகாமுக்குள்ள இருந்த ஆக்கள், எங்கட குடும்பங்களில இல்லாத வீடு குறைவு. ஆர் வந்து என்ன எழுதிக்கொண்டு போறாங்கள், ஏன் போறாங்கள், திரும்பி வருவாங்களோ எண்டு தெரியாம இருந்தது எப்பிடி இருந்ததெண்டு வீட்டில பெரியாக்களைக் கேட்டுப் பாருங்கோ. அதால கிழமைக் கணக்கை நாங்கள் அந்த அம்மாமாருக்குத் திரும்பிப் போய்ச் சொல்லுறம், "நீங்கள் சொன்னதை வச்சு இதை மாத்தினனாங்கள், இதை மாத்த ஏலாமப் போச்சு" எண்டு.

துவங்க நினைக்கிறவைக்கு: பழைய அன்ட்ரொய்ட் போன் ரெண்டு காணும், தொண்டர்களின்ர சொந்தப் போனில போடாதேங்கோ. எக்கவுண்ட் திறக்கேக்க சேர்வர் தெரிவு கேக்கும், ஐரோப்பிய சேர்வரும் இருக்கு, எங்கட தெரிவு அது. போனுக்கு லொக் போடுங்கோ, அப்பின்ர செட்டிங்ஸில அனுப்பின உடன அழிக்கிற ஒப்ஷன் இருக்கு, அதை ஓன் பண்ணி விடுங்கோ. ஒரு சின்ன வரவு ஃபோமோட ஒரு மாசம் ஓடிப் பாருங்கோ, டீம் பழகினாப் பிறகு மற்றதைச் சேக்கலாம். ஃபோம் மாதிரி வேணுமெண்டா கீழ கேளுங்கோ, பிள்ளையள் விபரம் இல்லாத வெறும் ஃபோமைத் தாறன்.