பெயரில்லா சர்வேயா, ரெட்ரோவா, தனிச் சந்திப்பா: டீமில் மனம்விட்டுப் பேச எது கைகொடுக்கிறது?

டீமில் யாரும் வாய் திறப்பதில்லை என்று உறைக்கும்போது மேனேஜர்கள் கையில் எடுப்பது பெரும்பாலும் மூன்றில் ஒன்று: பெயர் கேட்காத சர்வே, வேலையில் ஒரு கட்டம் முடிந்ததும் எல்லாரும் கூடிப் பேசும் ரெட்ரோ, மேனேஜரும் ஊழியரும் மட்டும் உட்கார்ந்து பேசும் தனிச் சந்திப்பு. எட்டுப் பேர் கொண்ட ஒரு டீமை நடத்துகிறேன். மூன்றையும் நடத்திப் பார்த்த பிறகு தனிச் சந்திப்பைப் பிரதானமாக வைத்துக்கொண்டேன். ரெட்ரோ அதற்குத் துணை. சர்வேயைக் குறிப்பிட்ட ஒரு காரியத்துக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறேன். ஒரு பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன், அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

டீம் அவுட்டிங்கை நாலாவதாகச் சேர்க்கவில்லை. நல்ல விஷயம்தான், தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் ஒன்றாகச் சிரித்துப் பேசுவதற்கும், "நீங்கள் சொன்ன தேதிக்குள் இது முடியாது" என்று மேனேஜரின் முகத்துக்கு நேராகச் சொல்வதற்கும் வேண்டிய தைரியம் வேறு வேறு.

எதை வைத்து ஒப்பிடுவது? என் அளவுகோல் ஒன்றுதான்: கெட்ட செய்தி எவ்வளவு சீக்கிரம் வந்து சேருகிறது. ஹார்வர்டு பேராசிரியர் எமி எட்மண்ட்சன் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தபோது, நன்றாக நடத்தப்பட்ட குழுக்களில்தான் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்ததால் அல்ல, நடந்ததை மறைக்காமல் சொன்னதால் என்பது அவர் கண்ட விளக்கம். அப்புறம் 1999இல், ஒரு உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை வைத்து அவர் எழுதிய கட்டுரைதான் 'உளவியல் பாதுகாப்பு' (மனதில் பட்டதைச் சொன்னால் தனக்குக் கேடு வராது என்ற நம்பிக்கை) என்ற சொல்லை மேலாண்மைத் துறையில் பரவலாக்கியது. ஆகவே, புகாரே வராத டீமைப் பார்த்து நான் சந்தோஷப்படுவதில்லை.

சரி, சர்வேக்கு வருவோம். அதன் பலம் எல்லாருக்கும் தெரிந்ததே. பெயர் இல்லாததால் பயம் குறைவு, நூறு பேரானாலும் சில நாட்களில் முடிந்துவிடும், போன ஆண்டோடு ஒப்பிட ஒரு எண்ணும் கிடைக்கும். பெரிய நிறுவனத்தில் எந்தப் பிரிவில் அதிருப்தி புகைகிறது என்று கண்டுபிடிக்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

சிக்கல், முடிவுகள் கைக்கு வந்த பிறகு தொடங்குகிறது. எங்கள் சர்வேயில் ஒருவர் எழுதியிருந்த வரி: "கஷ்டமான வேலை எப்போதும் சிலருக்கே போகிறது." நியாயமான புகார் போலத்தான் இருந்தது. ஆனால் எந்த வேலை? ராத்திரி வரும் அழைப்புகளா, கோபமான வாடிக்கையாளரைச் சமாளிப்பதா, வேறு யாரோ பாதியில் விட்டுப் போனதை முடிப்பதா? அந்தச் 'சிலர்' யார்? எழுதியவரிடம் கேட்க வழியில்லை. மீட்டிங்கில் பொதுவாகக் கேட்டதற்கு எல்லாரும் மேசையைப் பார்த்தார்கள். மீட்டிங் கலைந்ததும், எழுதியது யாராக இருக்கும் என்ற பேச்சு ஆரம்பித்துவிட்டது. எட்டே பேர் இருக்கிற இடத்தில் எழுத்து நடையே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த வரிக்கு அர்த்தம் தெரிந்தது பிறகு ஒரு தனிச் சந்திப்பில். விடுமுறைக்கு முந்தைய நாள் மாலையில் வருகிற அவசர வேலைகள், 'முகம் சுளிக்காமல் செய்வார்' என்று பெயரெடுத்த இரண்டு பேரிடமே போய்க்கொண்டிருந்தன. முறை வைத்து ஒரு பட்டியல் போட்டதும் தீர்ந்துவிட்டது. இவ்வளவு எளிதாகத் தீரக்கூடிய ஒன்று, திருப்பி ஒரு கேள்வி கேட்க முடியாத ஒரே காரணத்தால் அத்தனை வாரம் அப்படியே கிடந்தது.

இங்கேதான் என் முடிவைத் தீர்மானித்த விஷயம் இருக்கிறது: சொன்னதற்குப் பதில் கிடைக்கிறதா என்பது. மனிதர்கள் பேசாமல் இருப்பதற்குப் பயம் ஒரு காரணம். 'சொல்லி என்ன ஆகப்போகிறது' என்ற அலுப்பு இன்னொரு காரணம். பெயரை மறைத்தால் பயம் குறையலாம், அலுப்பு குறையாது. பல இடங்களில் அதிகமாகவும் செய்யும், ஏனென்றால் பெயரில்லாமல் எழுதியவருக்கு அவருக்கென்று ஒரு பதிலைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது.

விமானத் துறை இதை அழகாகக் கையாண்டிருக்கிறது. அமெரிக்காவில் 1976இல் தொடங்கி நாசா நடத்திவரும் விமானப் பாதுகாப்பு அறிக்கை முறையில் விமானிகளும் கட்டுப்பாட்டு அறை ஊழியர்களும் தங்கள் தவறுகளையும் மயிரிழையில் தப்பியவற்றையும் எழுதி அனுப்புகிறார்கள். படிவத்தில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுத ஒரு தனித் துண்டு உண்டு. படிப்பவருக்குச் சந்தேகம் வந்தால் எழுதியவரையே அழைத்துக் கேட்கலாம். கேட்டு முடித்ததும் அந்தத் துண்டை முத்திரையிட்டு எழுதியவருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அறிக்கையில் ஆளை அடையாளம் காட்டக்கூடிய எதுவும் மிஞ்சாது. அப்படி வந்த அறிக்கைகளிலிருந்து கிடைக்கும் பாடங்கள் மாத இதழாகவும் வெளிவருகின்றன. அதாவது அது அடையாளம் தெரியாத புகார் அல்ல, அடையாளம் காக்கப்பட்ட புகார். சர்வேக்கும் தனிச் சந்திப்புக்கும் உள்ள வித்தியாசமும் ஏறக்குறைய இதுதான்.

டொயோட்டா கார் தொழிற்சாலைகளின் 'ஆண்டான்' என்ற அழைப்புக் கயிறும் இதே கதைதான். உற்பத்தி வரிசையில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் கோளாறு கண்டால் கயிற்றை இழுக்கலாம், இழுத்தால் குழுத் தலைவர் உடனே அந்த இடத்துக்கு வருவார், வண்டி அடுத்த கட்டத்துக்கு நகர்வதற்குள் சரியாகாவிட்டால் வரிசை நிற்கும். கயிற்றைக் கட்டிவிடுவதில் பெரிய சங்கதி ஒன்றும் இல்லை. இழுத்ததும் ஒருவர் வந்து நிற்கிறாரே, அதை நம்பித்தான் அடுத்தவரும் இழுக்கிறார்.

ரெட்ரோவில் பதில் கிடைக்கும், அதுவும் எல்லார் முன்னாலும். வேலை நடக்கும் விதம் பற்றிய விஷயங்களுக்கு இதுவே சரியான இடம்: சோதனைக்கு நேரம் போதவில்லை, கடைசி நிமிடத்தில் தேவைகள் மாறுகின்றன, ஒப்புதல் ஒரே ஆளிடம் தேங்குகிறது. சேர்ந்து பேசினால் அங்கேயே ஒரு முடிவுக்கு வரலாம். ஆனால் முதலில் மூத்தவர் ஒருவர் பேசிவிட்டால் கதை முடிந்தது. மற்றவர்கள் அதையே வேறு வார்த்தைகளில் சொல்வார்கள். பேசுவதற்கு முன் ஐந்து நிமிடம் எல்லாரும் சீட்டில் எழுதுவது, நான் கடைசியில் பேசுவது என்று வைத்துக்கொண்ட பிறகு கொஞ்சம் தேவலை.

அந்தஸ்தின் கனம் என்ன செய்யும் என்பதற்கு 1977 மார்ச் 27ஆம் தேதி ஸ்பெயினின் டெனரீஃப் தீவு விமான நிலையத்தில் நடந்ததைவிடக் கொடூரமான சான்று வேண்டியதில்லை. மூடுபனியில் கேஎல்எம் விமானம் ஓடுபாதையில் வேகமெடுக்கத் தொடங்கியிருந்தது. எதிரே வந்த பான் ஆம் விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என்று விமானப் பொறியாளர் சந்தேகம் எழுப்பினார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்தமாகச் சொன்னார். அதற்கு மேல் யாரும் வற்புறுத்தவில்லை. இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள். கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்பட்டுவிட்டது, அதற்குக் கிடைத்த பதில்தான் பேச்சை அங்கேயே நிறுத்தியது. பிற்பாடு வளர்ந்த விமானக் குழுப் பயிற்சிகள் இளையவர்களைப் பேசப் பழக்கியதோடு நிற்காமல், மூத்தவர்களைக் கேட்கவும் பழக்கின.

இனி தனிச் சந்திப்பு. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம். எதைப் பேசுவது என்பது அவர் விருப்பம். வேலை எந்த அளவில் இருக்கிறது என்று நான் கேட்பதில்லை, அதற்கு வேறு மீட்டிங் இருக்கிறது. என்னிடம் ஒரு நோட்டு உண்டு. இடது பக்கத்தில் அவர் சொன்னது, வலது பக்கத்தில் நான் சொன்ன பதிலும் தேதியும். பதில் மூன்று விதம்தான்: செய்தாயிற்று, முடியாது (இந்தக் காரணத்தால்), இன்னும் தெரியவில்லை (இந்தத் தேதிக்குள் சொல்கிறேன்). 'முடியாது' என்பதும் பதில்தான், காரணம் கூடவே வந்தால் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள். வலது பக்கம் காலியாக இருக்கும் வரிகளைத்தான் அடுத்த சந்திப்பில் முதலில் எடுப்பேன்.

ஆரம்பத்தில் வருவதெல்லாம் சின்ன விஷயங்கள். நாற்காலி சரியில்லை, அந்த மென்பொருளுக்கு அனுமதி கேட்டு நாளாயிற்று, லீவு விண்ணப்பம் கிடப்பில் இருக்கிறது. இவற்றைச் சில்லறை என்று ஒதுக்கினால் பெரியது வராது. சின்னதைக் கொடுத்து ஆழம் பார்க்கிறார்கள், அப்படிப் பார்க்கவும் வேண்டும். லீவு விண்ணப்பத்துக்குச் சொன்ன தேதியில் பதில் வந்தால்தான், "இந்த மாதம் எனக்கு வேலையில் மனசே ஓடவில்லை" என்பதை நம்பிச் சொல்ல முடியும். இதற்குக் குறுக்கு வழி எதையும் நான் பார்க்கவில்லை.

இன்னொன்று, கனமான பேச்சு எப்போதும் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் வருகிறது. நோட்டை மூடப் போகும்போது, "அப்புறம்... இன்னொரு விஷயம்" என்று இழுப்பார்கள். அடுத்த மீட்டிங்குக்கு ஓட வேண்டியிருந்தால் அது தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால் தனிச் சந்திப்புக்குப் பிறகு கால் மணி நேரத்தைக் காலியாக விட்டுவிடுகிறேன். சொன்னதை வெளியே கொண்டுபோக வேண்டியிருந்தால், "இதை யாரிடம் சொல்லலாம், எப்படிச் சொல்லலாம்?" என்று அவரிடமே கேட்டுக்கொள்வேன். தான் தனியாகச் சொன்னது தன் வார்த்தையிலேயே மூன்றாம் மனிதர் வாயிலிருந்து வந்தால், அன்றோடு அந்த ஆள் பேச மாட்டார்.

பராமரிப்புச் செலவு? எட்டுப் பேருக்கு வாரம் இரண்டு மணி நேரம் பேச்சுக்கே போகிறது. சொன்னதைப் பின்தொடர அதைவிட அதிகம் ஆகும். வேலை நெருக்கும்போது முதலில் வெட்டத் தோன்றுவது இதைத்தான், கெட்ட செய்திகள் சேருவதும் அதே வாரங்களில்தான். நாளைத் தள்ளி வைப்பதுண்டு, ரத்து செய்வதில்லை. இந்த நேரத்தை ஒதுக்க உங்கள் மேலிடம் விடாது என்றால் தனிச் சந்திப்பைத் தொடங்காதீர்கள், ரெட்ரோவையே ஒழுங்காக நடத்துங்கள். நாலு முறை நடத்திவிட்டுக் கைவிடப்பட்ட தனிச் சந்திப்பு, தொடங்காததைவிட மோசமான சேதியைச் சொல்லும்.

தனிச் சந்திப்பால் முடியாதவையும் உண்டு. பிரச்சினையே மேனேஜர்தான் என்றால் அவரிடம் போய் என்ன சொல்வது? பாலியல் தொல்லை, பண மோசடி போன்றவற்றுக்கு மேனேஜரைத் தாண்டிப் போகும், பெயர் சொல்லாமலும் புகார் தரக்கூடிய வழி கட்டாயம் வேண்டும். என்னைப் பற்றிச் சொல்ல ஆண்டுக்கு ஒரு சிறிய சர்வே வைத்திருப்பதும் இதனால்தான். அதன் முடிவுகள் என் மேலதிகாரிக்கு நேராகப் போகும்.

தனிச் சந்திப்பு வளர்ப்பது மேனேஜர் மேல் உள்ள நம்பிக்கையை. சக ஊழியர்கள் ஒருவரையொருவர் நம்புவது அதனால் தானாக நடந்துவிடாது. "இதை ரெட்ரோவில் நீங்களே எடுத்துச் சொல்கிறீர்களா, நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்று கேட்பதுண்டு. சிலர் சம்மதிக்கிறார்கள், சிலர் இல்லை. வற்புறுத்துவதில்லை. முழுக்க வீட்டிலிருந்தே வேலை செய்யும் டீமில் இதெல்லாம் எப்படிப் போகும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. எங்களில் இரண்டு பேர் மட்டுமே அப்படி இருக்கிறார்கள். அவர்களிடம் கேமராவைவிட வெறும் தொலைபேசிப் பேச்சு நன்றாக ஓடுகிறது. பதினைந்து பேருக்கு மேல் போனால் இந்த நோட்டு தாங்குமா என்பதும் எனக்குச் சந்தேகமே.

ஒரு விஷயத்தில் ரெட்ரோ தெளிவாக முந்துகிறது. மேனேஜர் மாறினாலும் ரெட்ரோ டீமோடு இருக்கும், தனிச் சந்திப்பில் சேர்ந்த நம்பிக்கையோ ஆளோடு போய்விடும். நோட்டை அப்படியே அடுத்தவரிடம் கொடுக்க முடியாது, அது அவர்கள் என்னிடம் சொன்னது. நான் மாறிப்போகும் நாள் வந்தால், ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து பதில் பாக்கியிருக்கும் வரிகளை எடுத்து, எவற்றைப் புதியவரிடம் சொல்லலாம் என்று கேட்டு, அவற்றை மட்டும் மூவரும் சேர்ந்து ஒரு முறை பேசுவதாக உத்தேசம். இதுவரை அந்தத் தேவை வரவில்லை, அதனால் பலிக்குமா என்று என்னால் சொல்ல முடியவில்லை.