கெந்திங் இறக்கம்: கியரும் பிரேக்கும் பல ஆண்டு பயன்பாட்டில் காட்டியவை

கோலாலம்பூரிலிருந்து கெந்திங் மலைக்கு ஏறும்போது எல்லாருக்கும் எஞ்சின் சூட்டைப் பற்றித்தான் கவலை. காருக்கு உண்மையான சோதனை இறங்கும்போது வருகிறது. உச்சி ஏறத்தாழ 1,800 மீட்டர். ஆட்களோடு 1,300 கிலோ உள்ள கார் 1,000 மீட்டர் இறங்கினால், 2,000 வாட் மின்கெட்டில் ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடும் அளவு ஆற்றல் வெளியேறியாக வேண்டும். அது வெளியேற மூன்றே வழி: காற்று, எஞ்சின், பிரேக். கியரை வழக்கமாக ஓட்டும் ‘டி’யிலேயே (D) விட்டால் பெரும்பங்கு பிரேக்கின் தலையில் விழும்.

வழியில் ‘குனாகான் கியர் ரெண்டா’ (தாழ்ந்த கியரைப் பயன்படுத்துங்கள்) என்ற மலாய்ப் பலகை இருக்கிறது. எவ்வளவு தாழ்ந்த கியர் என்று அது சொல்வதில்லை. மெனுவலில் செங்குத்தான பகுதிக்கு இரண்டு. ஓட்டோவில் (தானியங்கிக் கியரில்) ‘2’ அல்லது ‘எல்’ (L). சிவிடியிலும் (படியில்லாத தானியங்கிக் கியர்) ஹைபிரிட்டிலும் பெரும்பாலும் ‘பி’ (B) அல்லது ‘எஸ்’ (S). சரிபார்ப்பது எளிது: இரண்டு கால்களையும் எடுத்துவிட்டால் வேகம் ஏறக்கூடாது, ஏறினாலும் மெதுவாக ஏற வேண்டும். இல்லையென்றால் இன்னும் ஒரு கியர் குறையுங்கள். இறக்கம் தொடங்குமுன்பே மாற்றிவிடுவது நல்லது. வேகம் கூடியபின் மாற்றப் போனால் ஓட்டோ கியர்பெட்டி மறுக்கலாம். மெனுவலில் கிளட்ச் தேயும்.

3,500, 4,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) எஞ்சின் இரைந்தால் பயப்படத் தேவையில்லை. எஞ்சினின் உச்ச வரம்பைக் காட்டும் சிவப்புக் கோட்டுக்கு அது வெகு கீழே. கியர்பெட்டி கெடும் என்பது பலர் சொல்லும் அச்சம். முறையாக மாற்றிப் பிடித்துவைத்த கியரால் அப்படிக் கெட்டதை நாங்கள் பார்த்ததில்லை. பெட்ரோலை மிச்சப்படுத்த நியூட்ரலில் உருட்டுவதுதான் வீண் ஆபத்து. இன்றைய இன்ஜெக்‌ஷன் எஞ்சின் கியரில் இறங்கும்போது பெட்ரோலை நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்குக் குடிக்கும்.

பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கச் சொல்வார்கள்: வேகம் 50 கிலோமீட்டருக்கு வந்ததும் அழுத்தமாக மிதித்து 40-க்கு இறக்கி, முழுதாக விடுவது. தொடர்ந்து லேசாக மிதித்தாலும் மொத்தச் சூடு ஏறக்குறைய அதேதான் என்று மறுப்பவர்களும் உண்டு, அதில் உண்மையும் உண்டு. சூட்டை உண்மையில் குறைப்பது தாழ்ந்த கியரும் குறைந்த வேகமும். ஆனால் கால் பெடலிலேயே கிடந்தால் கியர் போதவில்லை என்பதே ஓட்டுபவருக்குத் தெரியாமல் போய்விடும். அதனால் நாங்கள் விட்டு விட்டு மிதிப்பதையே பரிந்துரைக்கிறோம்.

அறிகுறிகளைப் பிரித்தறியுங்கள். கருகிய நெடி வந்து, பெடல் கெட்டியாக இருந்தும் கார் நிற்கவில்லை என்றால் பிரேக் பேட் சூடேறி வழுக்குகிறது. பெடல் பஞ்சு போல உள்ளே போனால் பிரேக் எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகியிருக்கிறது. இரண்டாவது அதிக ஆபத்து. கியரை இன்னும் குறைத்து, பாதுகாப்பான முதல் ஒதுக்கிடத்தில் நிறுத்துங்கள். அரை மணி நேரமாவது ஆறட்டும். பிரேக் வட்டின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். வளையும், விரிசலும் விடலாம். பின்னால் டிரம் உள்ள கார்களில் ஹேண்ட்பிரேக்கை இறுக்காமல் பார்க்கிங் ‘பி’யில் (P) போட்டு, டயருக்குக் கல் வையுங்கள்.

பலர் மறப்பது இந்தப் பிரேக் எண்ணெயைத்தான். அது ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. டாட் 3 வகை எண்ணெய் புதிதாக 205 பாகை செல்சியசில் கொதிக்கும், ஈரம் ஏறியபின் 140 போதும். டாட் 4-க்கு அதே கணக்கு 230, 155. பேட் தடிப்பாக இருக்கிறதே என்று விட்டுவிடாமல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுங்கள்.

மின்கார் வைத்திருப்பவர்கள் மலையுச்சியில் 100 விழுக்காடு சார்ஜ் ஏற்றிவிட்டு இறங்க வேண்டாம். நிறைந்த பேட்டரியில், இறங்கும்போது மோட்டார் உண்டாக்கும் மின்சாரத்துக்கு இடம் இருக்காது. ஆக்சிலரேட்டரை விட்டதும் கார் வழக்கம்போல் பின்னால் இழுக்காது. 80-இல் நிறுத்தி மிச்சத்தை இறக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.