ஊசிப் புத்தகம் கேட்டுத் திருப்பி அனுப்பிய இடம்: செக்கானூரணிப் பக்கம் ஒரு நாய் ஓட்டத் திடல்

முதல் ஞாயிற்றுக்கிழமை எங்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். திருமங்கலத்திலிருந்து இருட்டோடு கிளம்பி, கொழுந்தனாரின் குட்டியானை வண்டியில் எங்கள் நாய் சிட்டுவை ஏற்றிக்கொண்டு, செக்கானூரணி தாண்டி மண்பாதையில் குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர்ந்தோம். கேட்டில் நின்ற தம்பி முதலில் கேட்டது இதுதான்: “ஊசி போட்ட புத்தகம் கொண்டுவந்தீங்களாக்கா?”

சிட்டுவுக்குத் தடுப்பூசி போட்டதைக் குறித்த அந்தப் புத்தகம் வீட்டு பீரோவில் இருந்தது. போனில் படமும் எடுத்து வைத்திருக்கவில்லை. “அப்ப அடுத்த வாரம் வாங்கக்கா. டீ இருக்கு, குடிச்சிட்டுப் போங்க” என்றார். என் மகனுக்கு முகமே சிவந்துவிட்டது. எனக்கோ அந்த நிமிடமே அந்த இடத்தின் மேல் மரியாதை வந்தது.

நான் அரசு மருத்துவமனையில் செவிலியர். நாய்க்கடிக்கு ஊசி போடும் அறையில் பல வருடம் நின்றிருக்கிறேன். முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று சீட்டில் எழுதிக் கொடுக்கும்போது, குழந்தையைத் தூக்கி வந்த தாய் “தெரு நாய் இல்லீங்க, பக்கத்து வீட்டு நாய்தான்” என்று சொல்வதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதா என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற வழியில்லை. நாய்க்கு 3 மாதத்தில் ஒரு ஊசி, அப்புறம் வருடத்துக்கு ஒன்று, அவ்வளவுதான் செலவு. அதைக் கேட்காமல் நாற்பது நாயை ஒரே இடத்தில் சேர்க்கிறவர்களை நான் நம்பமாட்டேன்.

சரி, இது என்ன ஓட்டம் என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் லூர் கோர்ஸிங் என்கிறார்கள். தரையை ஒட்டி ஒரு நைலான் கயிறு. கயிற்றின் நுனியில் வெள்ளைப் பிளாஸ்டிக் பை. மறுமுனையில் கயிற்றைச் சுற்றி இழுக்கும் மோட்டார். இடையிடையே தரையில் முளை அடித்துச் சின்னச் சின்னக் கப்பி மாட்டியிருப்பதால் பை நேராகப் போகாமல் முயல் போலத் திரும்பித் திரும்பி ஓடும். அதை நாய் துரத்தும். எந்த உயிரும் சாகாது. அமெரிக்காவில் 1970களின் தொடக்கத்தில், காட்டு முயலைத் துரத்துவதற்கு மாற்றாக இது வளர்ந்தது. அதற்கென்று ஒரு சங்கம் 1972இல் தொடங்கியது. இங்கே திடலுக்கு வருகிறவர்கள் “பை ஓட்டம்” என்றுதான் சொல்கிறார்கள்.

சிட்டு சிப்பிப்பாறை இன நாய். நல்ல செவலை நிறம், 14 மாதம். மகன் ஆசைப்பட்டு வாங்கினான், நானும் தலையாட்டினேன். எங்கள் வீடு இரண்டரை சென்ட். கன்னி, சிப்பிப்பாறை மாதிரி நாய்கள் கரிசல் காட்டில் கண்ணுக்கெட்டிய தூரம் பார்த்து ஓடுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை. அதைக் கொண்டுவந்து மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் ஒரு கம்பியில் கட்டினோம். சாதாரணக் கழுத்துப்பட்டைதான் போட்டிருந்தோம். இந்த நாய்களுக்குக் கழுத்தைவிடத் தலை சிறுத்திருக்கும் என்பதால் பின்னால் இழுத்தால் சுலபமாகக் கழன்றுவிடும். அது எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு நாள் சாயங்காலம் கழற்றிக்கொண்டு ஓடி, தெருக்கோடி அப்பத்தாவின் ஆட்டுக்குட்டியைக் கடித்துவிட்டது. குட்டி பிழைக்கவில்லை. பணம் கொடுத்தோம், அப்பத்தா வாங்கிக்கொண்டது. ஆனால் ஒரு மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் இப்படி ஒரு இடம் இருக்கிறது என்று விசாரித்துத் தேடிப் போனோம்.

இரண்டாவது ஞாயிறு புத்தகத்தோடு போனோம். கட்டணம் ஒரு நாய்க்கு 200 ரூபாய், இரண்டு ஓட்டம். பார்க்க வருகிறவர்களிடம் பணம் வாங்குவதில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நிலம் நாகமலையைப் பார்த்த செவல் தரிசு. கரிசலில் வைத்திருந்தால் கோடையில் விழும் வெடிப்பில் கால் மாட்டி எலும்பு முறியும் என்று தெரிந்தேதான் இங்கே குத்தகைக்குப் பிடித்திருக்கிறார்கள். விடியும் முன் நான்கு பேர் வரிசையாக நடந்து நெருஞ்சியையும் சீமைக்கருவேல முள்ளையும் பொறுக்குகிறார்கள். அப்படியும் எங்கள் சிட்டுவின் பாதத்தில் அன்றைக்கு ஒரு முள் இருந்தது. மோட்டார், டிராக்டர் ஸ்டார்ட்டர் ஒன்றை வைத்துக் கப்பலூரில் ஒரு லேத் பட்டறையில் செய்தது. 12 வோல்ட் பேட்டரியில் ஓடுகிறது. கையில் ஒரு சுவிட்ச். அதை அமுக்குகிறவர் கண்ணை நாய்மேலேயே வைத்திருக்கிறார். பை நாய்க்குப் பத்துப் பதினைந்து மீட்டர் முன்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். தூரமாகப் போய்விட்டால் நாய் சலித்துவிடும், நெருங்கினால் பிடிக்கும் வேகத்தில் கயிற்றில் சிக்கும். இதில்தான் அந்த இடத்தின் முழுத் திறமையும் இருக்கிறது.

ஓடும் முன் ஒருவர் நாயின் நான்கு காலையும் தடவிப் பார்த்தார். பத்தடி நடக்கவிட்டு நொண்டல் இருக்கிறதா என்று பார்த்தார். சினையாக இருக்கிறதா, பருவத்தில் இருக்கிறதா என்று கேட்டார். பருவத்தில் இருக்கும் பெட்டையை விடுவதில்லை. வயது ஒரு வருடம் முடிந்திருக்க வேண்டும். அமெரிக்கக் கென்னல் கிளப்பின் விதியும் அதுதான். எங்களுக்கு முன்னால் வந்த ஒருவர் 7 மாதக் கன்னிக் குட்டியோடு வந்திருந்தார். “நல்லா ஓடும்ணே, பாருங்க” என்று கெஞ்சினார். விடவில்லை. நான்தான் பக்கத்தில் போய்ச் சொன்னேன்: “தம்பி, சின்னப் பிள்ளைகளுக்கு எலும்பு நுனியில் வளர்கிற இடம் மெத்தென்று இருக்கும். நாய்க்கும் அப்படித்தான். வேகத்தில் திரும்பும்போது அந்த இடம் அடிபட்டால் கால் கோணலாகிவிடும். இன்னும் அஞ்சு மாசம் பொறுத்தா ஆயுசுக்கும் ஓடும்.” அவர் குட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து கடைசிவரை பார்த்துவிட்டுப் போனார்.

புது நாயைத் தனியாகத்தான் ஓடவிடுகிறார்கள். வெளிநாட்டுப் போட்டிகளில் மஞ்சள், இளஞ்சிவப்பு, நீலம் என்று மேலங்கி போட்டு மூன்று நாய்களைச் சேர்த்து விடுவார்கள். இங்கே அந்தப் பேச்சே இல்லை. பழகிய நாய்கள் என்றால் இரண்டு, அதுவும் வாய்க்கூடு போட்டு. தூரம் 300 மீட்டர். அமெரிக்காவில் பெரிய நாய்க்கு வைக்கும் தேர்வு ஓட்டம் 600 கெஜம், அதாவது 550 மீட்டருக்குப் பக்கம், 2 நிமிடத்துக்குள். நம் வெயிலுக்கு அது ஆகாது என்று இவர்கள் குறைத்திருப்பது சரியான முடிவு.

பை முதலில் அசைந்தபோது சிட்டு என்னைத்தான் திரும்பிப் பார்த்தது. அதட்டப் போகிறேன் என்று நினைத்திருக்கும். மகன் வாரை விட்டான். இரண்டு தப்படி வைத்தது, நின்றது, மறுபடி பையைப் பார்த்தது. அப்புறம் போனது பாருங்கள்! அதுவரை ஒரு கம்பியைச் சுற்றியே வந்த நாய் அது. முதுகு வில்லாக வளைந்து நான்கு காலும் வயிற்றுக்கடியில் சேரும்போது ஒருமுறை, முழுதாக நீட்டும்போது ஒருமுறை என்று ஒவ்வொரு பாய்ச்சலிலும் இரண்டு தடவை நான்கு காலும் தரையைத் தொடுவதில்லை. புத்தகத்தில் படித்திருந்தேன். நேரில் பார்த்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. இருபத்தைந்து, முப்பது வினாடி இருக்கும். பையைப் பிடித்து உலுக்கிவிட்டு நின்றது.

முடிந்ததும் உடனே படுக்கவிடவில்லை. பத்து நிமிடம் மெதுவாக நடத்தி, வயிற்றிலும் பாதத்திலும் தண்ணீர் விட்டு, குடிக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார்கள். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்க வேண்டும். உடம்புச் சூடு 41 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் காலை 8 மணியோடு மோட்டாரை நிறுத்துவது என்று வைத்திருக்கிறார்கள்.

ஆனால் சித்திரையில் ஒரு ஞாயிறு கூட்டம் அதிகம் என்று எட்டரை வரை ஓட்டினார்கள். நான் நேராகப் போய்ச் சொன்னேன். “கடைசி மூணு நாய்தான்க்கா” என்றார் அந்தத் தம்பி. அந்த மூன்றில் ஒன்று நாக்கு கருஞ்சிவப்பாகித் தள்ளாடியது. நனைத்துத் தேற்றினோம். அடுத்த வாரத்திலிருந்து வாட்சைப் பார்த்து நிறுத்துகிறார்கள், ஆனாலும் அந்த அரைமணி நேரத்தை நான் மறக்கவில்லை. முதலுதவிப் பெட்டியும் மோசம். ஒரு நாய்க்குக் கயிறு உராய்ந்து முன்னங்காலில் தோல் வழண்டபோது பெட்டியைத் திறந்தால் பஞ்சும், தேதி முடிந்த ஒரு களிம்பும்தான் இருந்தது. சலைன், கட்டுத்துணி, வெப்பமானி, கையுறை என்று நானே எழுதிக் கொடுத்தேன். வாங்கி வைத்துவிட்டார்கள். பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. நிழலுக்கு ஒரே ஒரு வேப்பமரம். அதன் கீழ் எல்லா நாயையும் அடுத்தடுத்துக் கட்டுவதால் உறுமல் ஓய்வதில்லை. கீற்றுக் கொட்டகை இரண்டு போட்டு இடைவெளி விட்டால் போதும்.

இனி எனக்கு முக்கியமாகப் பட்ட விஷயம். மூன்றாவது வாரம் வெள்ளை வேட்டி கட்டிய இருவர் வந்து, “பையை விட்டுட்டு முயலை விடுங்கப்பா, நாங்க கொண்டாறோம்” என்றார்கள். இன்னொருவர் 500 ரூபாய் பந்தயம் கட்ட ஆள் தேடினார். தம்பி மோட்டாரை அணைத்துவிட்டு, “நீங்க கிளம்புனாத்தான் போடுவேன்” என்று உட்கார்ந்துவிட்டார். இருபது நிமிடம். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம், அவர்கள் போனார்கள்.

1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டு முயல் பாதுகாக்கப்பட்ட விலங்கு. வேட்டை என்பதற்கு அந்தச் சட்டம் சொல்லும் விளக்கத்திலேயே, விலங்கைத் துரத்திப் பிடிப்பதும் அதற்கு முயல்வதும் அடங்கும். பிடித்து வைத்த முயலை விட்டாலும் குற்றம்தான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும்கூட முயல் துரத்தும் பந்தயத்தை 2004ஆம் வருடச் சட்டத்தால் நிறுத்திவிட்டார்கள். டிக்கெட் போட்டு மக்களை உள்ளே விட்டு விலங்கை ஓடவிட்டால், வேடிக்கைக்குப் பயன்படுத்தும் விலங்காகப் பதிவு செய்ய வேண்டி வரும். பார்வையாளர்களிடம் பணம் வாங்காததற்குக் காரணம் அது. இதையெல்லாம் ஒரு தகரப் பலகையில் தமிழில் எழுதிக் கேட்டில் மாட்டியிருக்கிறார்கள். அதில் எனக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது: 1960ஆம் வருட விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி, எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்குப் போதிய நடமாட்டம் கொடுக்காமலிருப்பது வதை. அபராதம் முதல் தடவைக்கு 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்வரைதான். அந்தத் தொகையைக் கண்டு யாரும் பயப்படப் போவதில்லை. ஆனால் அதைப் படித்தபோது மோட்டார் ரூம் கம்பி கண்முன் வந்தது, கூசிப்போனேன்.

அரசு இதற்கென்று விதி கொண்டுவர வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். நானும் சொல்கிறேன். அலங்காநல்லூரில் என்ன நடந்தது? 2017இல் சட்டத் திருத்தம் வந்தது, வாடிவாசலுக்கு வரும் காளையை மருத்துவர் பார்த்த பிறகே விடுகிறார்கள், 2023இல் உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும் என்றது. விதி வந்ததால் ஜல்லிக்கட்டு நின்றுவிடவில்லை. அதே அளவுக்கு இங்கே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நாற்பது நாய் ஓடும் தரிசுக்கு மேடை, காப்பீடு, ஆயிரம் கையெழுத்து என்று கேட்டால் இந்தத் தம்பி மோட்டாரைக் கழற்றி விற்றுவிடுவார். அப்புறம் இதே நாய்கள் ராத்திரியில் ஹெட்லைட்டோடு முயலுக்குப் போகும். ஊசிப் புத்தகம், வயது வரம்பு, வெயில் நேரத் தடை, உயிருள்ள இரை கூடாது, பந்தயப் பணம் கூடாது, கூப்பிடு தூரத்தில் ஒரு கால்நடை மருத்துவர். ஒரு பக்கத்தில் அடங்கும். உள்ளூர்க் கால்நடை மருந்தகத்தில் பதிந்துவிட்டு நடத்தலாம் என்று வைத்தால் போதும்.

போகிறவர்களுக்கு: ஊசிப் புத்தகம், அகலமான கழுத்துப்பட்டை, இரண்டு குடம் தண்ணீர், எச்சத்தை அள்ள ஒரு கவர். முந்தின இரவு வயிறு முட்டப் போடாதீர்கள், காலையில் தின்ன எதுவும் கொடுக்காதீர்கள். நாய் ஓட விருப்பமில்லாமல் நின்றால் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுங்கள். அங்கேயும் யாரும் அதட்டவிடமாட்டார்கள். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். குறைத்த ஒன்று அந்த அரைமணி நேரத்துக்கு.

ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள். பை ஓட்டம் பழகிவிட்டால் நாய் ஆட்டைத் துரத்தாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிட்டு இப்போது ராத்திரி ஊளையிடுவதில்லை, கம்பியைக் கடிப்பதில்லை, ஞாயிறு மதியம் முழுக்கத் தூங்குகிறது. ஆனால் நேற்று சாயங்காலம் நடக்கப் போகும்போது அப்பத்தாவின் ஆடுகள் எதிரே வந்தன. சிட்டுவின் காது நிமிர்ந்தது. வாரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். ஆடுகள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின. “இப்பத்தான் பிடிக்கத் தெரியுது ஆத்தா உனக்கு” என்று சொல்லிவிட்டு அப்பத்தாவும் போனது.