சோலார் போட்ட பெறகு கரண்ட் பில் ஏறுச்சு - காரைக்குடி சுத்துவட்டாரத்துல உள்ளவங்க கவனம்

சோலார் போட்டா பில் குறையும்னுதான் எல்லாரும் கேள்விப்பட்டிருப்போம், எங்க வீட்ல ஏறுச்சு. கோட்டையூர்ல எங்க வீட்டு மெத்தையில, அதாவது மொட்டை மாடியில, பேனல் ஏத்துன பெறகு வந்த மொத பில்ல பாத்துட்டு அப்பா ரீடிங் எடுக்க வந்தவர்கிட்டயே சண்டைக்குப் போயிட்டாரு, பாவம் அந்தாளு மேல ஒரு தப்பும் இல்ல. கம்பெனி பேர இங்க போடல, கேஸுக்குப் போற விஷயம். ஆனா அதே ஆளுங்க இப்ப பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் வீடு வீடா ஏறி இறங்குறாங்கன்னு காதுக்கு வந்துச்சு, அதான் எழுதறேன்.

சோலார் விக்க வந்தவன் பேச்சு அப்படி. "அண்ணே, நம்ம ஊரு வெயிலுக்கு 3 கிலோவாட் போட்டா ஒரு நாளைக்கு 25 யூனிட் அள்ளும்ணே." சுத்தப் பொய். நம்ம பக்கம் 1 கிலோவாட்டுக்கு சராசரியா நாளைக்கு 4 யூனிட், 3 கிலோவாட்னா 12 யூனிட் வந்தா நல்ல சிஸ்டம். இன்னொண்ணு, பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்ல. ஸ்டிக்கர்ல போட்டிருக்கற வாட் எல்லாம் பேனல் 25 டிகிரில இருக்கும்போது அளந்தது, அதுக்கு மேல ஏறுற ஒவ்வொரு டிகிரிக்கும் கிட்டத்தட்ட 0.3ல இருந்து 0.4 சதவீதம் வரை குறையும், சித்திரை மத்தியானத்துல மெத்தையில பேனல் 60 டிகிரிய தொடும், கணக்கு போட்டுக்கோங்க. வெயில் கொளுத்துற ஊருன்னு சொல்லி விக்கிறவன் சொல்ற யூனிட்ட அப்படியே நம்பாதீங்க. போதாக்கொறைக்கு "செக்ரியே அப்ரூவ் பண்ணுன பேனல்"னு வேற ஒரு பிட்டு. செக்ரின்னா காரைக்குடில இருக்கற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நம்ம ஊரு பெருமை, அழகப்பச் செட்டியார் குடுத்த எடத்துல 1948ல அடிக்கல் நட்டது, பேட்டரி ஆராய்ச்சிக்குப் பேர் போனது, அவங்க பேர சொன்னா இங்க எவனும் மறுபேச்சு பேச மாட்டான்னு தெரிஞ்சு வச்சிருக்கான். பேனல்ல பாக்க வேண்டியது பி.ஐ.எஸ்.ங்கற அரசாங்கத் தர முத்திரை.

வேலை ஒரே நாள்ல முடிஞ்சுது. நாளைக்கு 6 யூனிட் தாண்டல. கேட்டா "மேகம்ணே", "தூசிண்ணே"ங்கறான். எங்க மாமா மகன் டிப்ளமா இ.இ.இ. படிச்சவன், லீவுக்கு வந்தப்ப மெத்தையில மல்லாக்கப் படுத்து பேனலுக்குப் பின்னாடி ஒட்டியிருக்கற ஸ்டிக்கர படிச்சான். 335 வாட், பழைய நீலக்கலர் பாலி பேனல். ஆறு பேனல், ஆறையும் கூட்டுனா 2010 வாட். அப்ப 3 கிலோவாட் எங்கன்னு கேக்கறீங்களா, அது இன்வெர்ட்டரோட, அதான் பேனல் கரண்ட வீட்டுக்கு ஏத்த கரண்டா மாத்துற பெட்டியோட சைஸாம்! பணம் மட்டும் 3 கிலோவாட்டுக்கு, ஒரு லட்சத்து எண்பதாயிரம்.

அதோட முகப்பு மாடிச் சுவத்துக்குப் பின்னாடி கொண்டுபோய் வச்சிருக்கான், காலையில பத்து மணி வரைக்கும் ரெண்டு பேனல் மேல நிழல். பேனல் எல்லாம் வரிசையா ஒண்ணோட ஒண்ணு கோத்திருக்கும், ஹோஸ் பைப்ப நடுவுல மிதிச்ச மாதிரி ரெண்டுல நிழல் விழுந்தா வரிசைக்கே அடி. நம்ம பக்கத்துப் பழைய வீடுங்கள்ல முன்னாடி மாடி, நடுவுல வாசல், பின்னாடி ஓட்டுக்கூரைன்னு இருக்கும், நிழல் பாக்காம எடம் குறிக்கறவன வெளிய அனுப்பிருங்க.

இப்ப பில் கதை. நெட் மீட்டருக்கு, அதாவது நாம ஈ.பி.கிட்ட எடுக்கறதையும் திருப்பி அனுப்பறதையும் தனித்தனியா கணக்கு வைக்கிற மீட்டருக்கு, "அப்ளை பண்ணியாச்சு"ன்னு சொல்லிட்டு பழைய மீட்டர்லயே லைன குடுத்துட்டுப் போயிட்டான். பழைய டிஜிட்டல் மீட்டர் சிலதுக்கு கரண்ட் உள்ள வருதா வெளிய போகுதான்னு பேதம் தெரியாது, நாம ஈ.பி.க்கு அனுப்புற யூனிட்டையும் நாம எரிச்சதாவே ஏத்திரும். ஈ.பி. ஆபீஸ்ல போய் கேட்டா எங்க சர்வீஸ் நம்பர்ல அப்ளிகேஷனே இல்லங்கறாங்க. அப்ப மானியமும் அம்போ. 2024 பிப்ரவரில ஆரம்பிச்ச பி.எம். சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 வரும், உண்மைதான், ஆனா போர்ட்டல்ல நம்ம பேர்ல பதிஞ்சு, அங்க பதிவான வெண்டர் மூலமா, இந்தியாவுல செஞ்ச செல் உள்ள டி.சி.ஆர். பேனல் போட்டு, நெட் மீட்டர் மாட்டி, ஈ.பி. வந்து பாத்த பெறகுதான் நேரா நம்ம அக்கவுண்டுக்கு வரும். நடுவுல ஒருத்தன் வாங்கித் தர்றேன்னா உஷார்.

கரண்ட் கட்டானா வீடு ஜெகஜோதியா இருக்கும்னும் சொன்னான். பேட்டரி இல்லாம ஈ.பி. லைனோட சேந்து ஓடுற ஆன்-கிரிட் சிஸ்டம், கரண்ட் கட் ஆனதும் தானா நின்னுரும், அது பழுது இல்ல, லைன்ல வேலை பாக்கறவர் மேல ஷாக் அடிக்கக் கூடாதுன்னு வச்ச ஏற்பாடு. அத முன்னாடியே சொல்லணும்ல? பக்கத்து வீட்டு ஆச்சி கேக்கறாக, "என்னப்பா, மெத்தை பூரா கண்ணாடி மாட்டிட்டுப் போனாக, இப்பவும் எங்க வீட்டு ஃபேன் நிக்கிறப்பதானே ஒங்க வீட்டு ஃபேனும் நிக்கிது?"

இப்ப இன்வெர்ட்டர ஆஃப் பண்ணி வச்சிருக்கோம், போன் எடுக்க மாட்டேங்கறான். 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் பதிஞ்சாச்சு, அடுத்து சிவகங்கை நுகர்வோர் ஆணையம். எங்க கொட்டேஷன்ல "சோலார் செட் 3 கே.வி."ன்னு ஒத்த வரிதான் இருக்கு, பேனல் வாட் இல்ல, மாடல் நம்பர் இல்ல, எத்தனை பேனல்னுகூட இல்ல. இதே மாதிரி ஒத்த வரி பேப்பர் உங்க கையில இருந்தா அட்வான்ஸ் குடுக்காதீங்க, ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, புகாரோட சேத்துக்கறேன்.