பழைய பிரெயில்நோட் ஏபெக்ஸ்: வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?

பார்வையற்றோர் விரலால் படிக்கவும் குறிப்பெடுக்கவும் பயன்படுத்தும் பிரெயில் கருவி (நோட்டேக்கர்) ஹியூமன்வேர் நிறுவனத்தின் பிரெயில்நோட் ஏபெக்ஸ். அது 2009-இல் வந்தது. இன்றும் சிலர் கையில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை அப்படியே ஓட்டுவதா, சிக்கனமாக ஆர்பிட் ரீடர் என்ற சின்னப் பிரெயில் கருவி ஒன்றை வாங்குவதா, கடன் வாங்கியாவது ஆண்ட்ராய்டு நோட்டேக்கருக்குப் போவதா? என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: செல்கள் (ஒவ்வொரு பிரெயில் எழுத்தையும் புள்ளிகளாக எழுப்பிக் காட்டும் கட்டங்கள்) நன்றாக இருக்கும் ஏபெக்ஸைத் தூக்கிப்போடக் கூடாது. ஆனால் அதை வெறும் நோட்டேக்கராக மட்டும் பார்த்தால் பாதிப் பயன்தான் கிடைக்கும்.

இணையத்தைப் பொறுத்தவரை அதன் காலம் முடிந்துவிட்டது. உள்ளே ஓடுவது சிறிய கருவிகளுக்கான பழைய விண்டோஸான விண்டோஸ் சிஇ 6.0, அதற்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2018-இல் நின்றுபோனது. இன்றைய தளங்கள் கேட்கும் பாதுகாப்பு முறைகளுக்கு அது ஈடுகொடுக்காது. வங்கித் தளம், டிக்கெட் முன்பதிவு எல்லாம் அதில் நடக்கிற காரியமில்லை. கூகுளும் வெறும் கடவுச்சொல்லோடு நுழையும் பழைய செயலிகளை 2022-இல் ஓரங்கட்டத் தொடங்கிவிட்டது. இதைச் சரிசெய்ய மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

எழுத்து வேலைக்கு வந்தால் கதையே வேறு. பொத்தானை அழுத்தினால் விட்ட இடத்தில் எழுந்து நிற்கும். கூட்டத்தில் பேச்சை அணைத்துவிட்டு விரலாலேயே படித்துக்கொண்டு குறிப்பெடுக்கலாம்; பக்கத்தில் இருப்பவருக்குத் தொந்தரவில்லை. ஒன்று மட்டும் கவனம்: கோப்புகளை ஏபெக்ஸின் எழுத்துச் செயலியான கீவேர்டின் சொந்த வடிவத்தில் விட்டுவைக்காமல், டெக்ஸ்ட் கோப்பாக எஸ்டி கார்டில் ஒரு பிரதி எடுத்துவையுங்கள். நாளைக்குக் கருவி படுத்துவிட்டாலும் எந்தக் கணினியும் அதைத் திறக்கும்.

என்னைக் கேட்டால், சிறந்த மேம்படுத்தலுக்குக் காசே தேவையில்லை. ஏபெக்ஸை டெர்மினல் முறைக்கு (கணினித் திரையின் எழுத்தைப் பிரெயிலில் காட்டும் வேலையை மட்டும் செய்யும் முறை) மாற்றி, யுஎஸ்பியிலோ புளூடூத்திலோ விண்டோஸ் கணினியோடு இணைத்து, திரையில் உள்ளதைப் பேச்சாகவும் பிரெயிலாகவும் தரும், இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ திரைவாசிப்பானை ஓட்டுங்கள். பெருவிரல் விசைகள் நான்கில் நடுவில் உள்ள இரண்டும் வரியை முன்னும் பின்னும் நகர்த்தும். ஓரத்து இரண்டும் மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் போகும். செல்லுக்கு மேலே இருக்கும் சின்னப் பொத்தானைத் தட்டினால் கர்சர் அங்கேயே வந்து நிற்கும். உலாவல், மின்னஞ்சல், வேர்டு எல்லாம் கணினியின் பொறுப்பு. ஏபெக்ஸ் விரலுக்கு எழுத்தைக் கொடுத்தால் போதும். நமக்கு இன்னொரு லாபமும் உண்டு. எழுத்தைப் பிரெயிலாக மாற்றும் அட்டவணை என்விடிஏவில் இருப்பதால், அதில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயிலில் தமிழே வந்து நிற்கும். ஏபெக்ஸுக்குத் தமிழ் தெரியுமா என்ற கேள்வியே எழாது.

சரி, ஆர்பிட் ரீடர் 20? 2018-இல் அமெரிக்காவில் 449 டாலருக்கு விற்பனைக்கு வந்தபோது, அந்த விலையில் பிரெயில் கிடைப்பதே பெரிய செய்தி. புள்ளிகள் அழுத்தமாக, கெட்டியாக நிற்கும். ஆனால் 20 செல்தான். 32 செல்லில் பழகிய கை அடிக்கடி வரி மாற்றியே சலித்துவிடும். புள்ளிகள் மாறுவது மெதுவாக, சத்தத்தோடு நடக்கும். கர்சரை அழைக்கும் பொத்தான்களும் கிடையாது. புதிதாகப் பிரெயில் படிக்கும் பிள்ளைக்கோ, கதைப் புத்தகம் படிக்கவோ தாராளமாக வாங்கலாம். ஏபெக்ஸ் வைத்திருப்பவருக்கு இது இறக்கம்தான்.

ஆண்ட்ராய்டு பக்கம் பிரெயில்நோட் டச் பிளஸ், ஹிம்ஸ் நிறுவனத்தின் பிரெயில்சென்ஸ் 6 ஆகியவை இருக்கின்றன. மடிக்கணினி இல்லாமல் வகுப்பிலும் பயணத்திலும் மின்னஞ்சல், இணையம், செயலிகள் எல்லாம் ஒரே கருவியில் வேண்டுமென்றால் இவைதான் வழி. விலை ஐயாயிரம் டாலர் அளவில். அலுவலகமோ கல்லூரியோ கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ளுங்கள். சொந்தக் காசு என்றால் யோசியுங்கள்: டச் பிளஸில் இருப்பது 2017-இல் வெளியான ஆண்ட்ராய்டு 8.1. ஏபெக்ஸின் விண்டோஸுக்கு வந்த மூப்பு இதற்கும் வரும். இந்தக் கருவிகளுக்கு நாம் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி செல்களுக்குத்தான் போகிறது.

ஆகவே எந்தக் கருவியானாலும், அதுவும் செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது, மென்பொருளை விடச் செல்களைப் பாருங்கள். பாரதி பிரெயிலில் மெய்யெழுத்தின் மேல் வரும் புள்ளியைக் காட்டுவது, செல்லின் 4-ஆம் புள்ளி (வலப்பக்கம் மேலே இருப்பது) ஒன்று மட்டும் எழும் தனிச் செல்தான். ஒரு செல்லில் அது எழாவிட்டால் ‘பக்கம்’ என்ற சொல்லின் நடுவே வெற்றிடம் விழுந்து, சொல்லே இரண்டாகிவிடும்.  எல்லாப் புள்ளிகளும் எழுந்த செல்லை வரி முழுக்க அடித்து, விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பிறகு வரியைக் காலியாக்கி, எந்தப் புள்ளியும் இறங்காமல் நிற்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். அதற்கு அப்புறம் விலை பேசலாம்.